நிரையிலிருந்து நிரலுக்கு: புள்ளியியல் கணிமொழிகளில் தரவு வடிவமாற்றத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒரே அளவீடுகளைப் பல நிரைகளாகக் கீழ்நோக்கி அடுக்கியும் எழுதலாம். பல நிரல்களாகப் பக்கவாட்டில் விரித்தும் எழுதலாம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் செயல் வடிவமாற்றம் எனப்படும். இது பகுப்பாய்வுக்கு முந்தைய எளிய ஆயத்தப் பணியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. துளை அட்டைக் காலத்திலிருந்து 2019ஆம் ஆண்டுவரை இச்செயல் கடந்துவந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. எது ஓர் உற்றுநோக்கல், வெற்றுக்கட்டம் எதைக் குறிக்கிறது, ஒரே கட்டத்துக்கு இரு மதிப்புகள் உரியனவானால் செய்யத்தக்கது யாது என்னும் மூன்று வினாக்களுக்கு ஒவ்வொரு வடிவமாற்றமும் விடையளித்துவிடுகிறது என்பதும், அவ்விடை பகுப்பாய்வின் முடிவையே மாற்றவல்லது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தரவு வடிவமாற்றம், நெடுவடிவம், அகல்வடிவம், விடுபட்ட மதிப்பு, ஆர் மொழி, எஸ் மொழி

முன்னுரை

அட்டவணையில் கிடைவாக்கில் அமைவது நிரை. செங்குத்தாக அமைவது நிரல். கணினித் துறையில் நிரல் என்னும் சொல் கட்டளைத் தொகுப்பையும் குறிக்கும். இக்கட்டுரையில் அது செங்குத்து வரிசையை மட்டுமே குறிக்கிறது.

வடிவமாற்றத்தை விளக்குவதற்குப் புள்ளியியலில் பலமுறை எடுத்தாளப்பட்ட ஒரு தரவு பொருத்தமானது. ரிச்சர்ட் பாட்ஹாஃப், எஸ். என். ராய் ஆகியோர் 1964இல் பயோமெட்ரிகா இதழில் வெளியிட்ட கட்டுரையில் 27 குழந்தைகளின் முகவளர்ச்சி அளவுகள் இடம்பெற்றன. அவர்களுள் 11 பேர் சிறுமியர். 16 பேர் சிறுவர். ஒவ்வொருவருக்கும் 8, 10, 12, 14 ஆகிய வயதுகளில் அளவு எடுக்கப்பட்டது. இதனைக் குழந்தைக்கு ஒரு நிரை என்று எழுதினால் 27 நிரைகள் வரும். நான்கு வயதுகளும் நான்கு நிரல்களாகும். இது அகல்வடிவம். அளவுக்கு ஒரு நிரை என்று எழுதினால் 108 நிரைகள் வரும். குழந்தை, பால், வயது, அளவு ஆகியன நிரல்களாகும். இது நெடுவடிவம்.

இரண்டிலும் எண்கள் ஒன்றே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அகல்வடிவத்தில் வயது என்னும் மாறி அட்டவணைக்குள் எங்கும் மதிப்பாக இல்லை. நிரல்களின் தலைப்புகளில் அது ஒளிந்திருக்கிறது. நெடுவடிவத்தில் அதுவே தனியொரு நிரலாகிக் கணக்கிடத்தக்க மதிப்பாகிறது. தலைப்பைத் தரவாக்குவதும் தரவைத் தலைப்பாக்குவதுமே வடிவமாற்றத்தின் சாரம். கணிதத்தில் அணிகளுக்குச் செய்யப்படும் நிரை-நிரல் மாற்று இதனின்று வேறானது. அது நிரைகள் அனைத்தையும் நிரல்களாகத் திருப்புகிறது. எது மாறி, எது மதிப்பு என்னும் வினாவை எழுப்புவதில்லை.

அட்டையும் அகல்வடிவமும்

அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் துளை அட்டைகள் பயன்பட்டன. ஆளுக்கு ஓர் அட்டை என்பது அதன் அடிப்படை. ஒருவரைப் பற்றிய செய்திகள் அனைத்தும் அவருடைய அட்டையில் வெவ்வேறு இடங்களில் துளைகளாகப் பதிந்தன. 1928இல் ஐபிஎம் நிறுவனம் 80 நிரல்கள் கொண்ட அட்டையை அறிமுகப்படுத்தியது. நிரல் என்பது அப்போது கருத்தளவிலான பெயரன்று. அட்டையின் மீது விரல் வைத்துக் காட்டத்தக்க இடம். ஓர் அட்டை ஒரு நிரை. ஒரு நிரை ஒரு நபர். அகல்வடிவம் இவ்வாறு பொருளிலேயே பதிந்துபோயிற்று.

செய்திகள் 80 நிரல்களுக்கு மேற்பட்டபோது அதே நபருக்கு இரண்டாம் அட்டை தேவைப்பட்டது. அதில் நபரின் அடையாள எண்ணும் அட்டையின் வரிசை எண்ணும் மீண்டும் துளையிடப்பட்டன. அடையாளத்தைத் திரும்பத் திரும்ப எழுதி நிரைகளை அடுக்கும் இம்முறையில் நெடுவடிவத்தின் வித்து உள்ளது. ஆனால் அது அட்டையின் அகலம் போதாமையால் நேர்ந்த ஏற்பாடேயன்றி, தரவைப் பற்றிய கொள்கையன்று.

கையால் கணக்கிட்ட புள்ளியியலாளர்களும் அகல்வடிவத்தையே நாடினர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் பணியேற்ற ரொனால்ட் ஃபிஷர், 1925இல் ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் முறைகள் பற்றிய நூலை வெளியிட்டார். மாறுபாட்டுப் பகுப்பாய்வைக் கையால் செய்வதற்குப் பாத்தித் தொகுதிகளை நிரைகளாகவும் உரம் முதலிய இடுபொருள்களை நிரல்களாகவும் அமைத்த இருவழி அட்டவணை உதவியது. நிரைகளின் கூட்டுத்தொகையும் நிரல்களின் கூட்டுத்தொகையும் விளிம்பில் வந்து நின்றன. வர்க்கங்களின் கூட்டல் அவற்றிலிருந்தே பெறப்பட்டது. அட்டவணையின் வடிவமே இங்குக் கணக்கிடும் வழியாகவும் இருந்தது.

1968இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் இம்மரபைக் கணினிக்குள் கொண்டுசென்றது. ஒரு நிரை ஒரு நேர்வு. ஒரு நிரல் ஒரு மாறி. நேர்வு என்பது எது என்னும் வினா அங்கு எழவில்லை. கேள்விப்பட்டியலுக்கு விடையளித்த மனிதரே நேர்வு என்பது சமூக அறிவியல் ஆய்வில் இயல்பான எடுகோளாக இருந்தது.

நெடுவடிவத்தின் எழுச்சி

நெடுவடிவத்தை இன்றியமையாததாக்கியவை இரண்டு வளர்ச்சிகள். முதலாவது, மாதிரிகளைக் குறியீட்டு வாய்பாடாக எழுதும் முறை. ஜி. என். வில்கின்சன், சி. இ. ரோஜர்ஸ் ஆகியோர் 1973இல் வெளியிட்ட குறியீட்டு முறையில், விளைச்சல் எதைச் சார்ந்தது என்பதை மாறிகளின் பெயர்களைக் கொண்டே எழுத முடிந்தது. பாத்தித் தொகுதியும் இடுபொருளும் வாய்பாட்டில் பெயர்களாக இடம்பெற வேண்டுமானால், அவை அட்டவணையில் தனித்தனி நிரல்களாக இருந்தாக வேண்டும். ஃபிஷரின் இருவழி அட்டவணையில் அவை விளிம்புத் தலைப்புகளாக இருந்தன. வாய்பாடு தலைப்புகளைப் படிப்பதில்லை.

பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடன்பணியாற்றியோரும் 1976இல் தொடங்கிய எஸ் மொழி இக்குறியீட்டைப் பின்னர் ஏற்றுக்கொண்டது. சேம்பர்ஸும் டிரெவர் ஹேஸ்டியும் பதிப்பித்து 1992இல் வெளிவந்த நூல் வாய்பாட்டையும் தரவுச் சட்டகத்தையும் ஒருங்கே முன்வைத்தது. எண், சொல், வகைப்பாடு எனப் பல்வகை நிரல்களை ஒரே அட்டவணையில் ஏற்கும் அமைப்பே தரவுச் சட்டகம். வாய்பாடும் சட்டகமும் இணைந்தபின், தரவு எவ்வடிவில் இருக்க வேண்டும் என்பதை மாதிரியே கட்டளையிடும் நிலை ஏற்பட்டது.

இரண்டாவது வளர்ச்சி தொடரளவீட்டுத் தரவுகளைப் பற்றியது. பாட்ஹாஃப், ராய் ஆகியோரின் முறை பன்மாறிப் பகுப்பாய்வு சார்ந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வயதுகளில் எல்லா அளவுகளும் இருப்பதாக அது கொண்டது. 1982இல் நேன் லேர்டு, ஜேம்ஸ் வேர் ஆகியோர் பயோமெட்ரிக்ஸ் இதழில் முன்வைத்த தற்செயல் விளைவு மாதிரியில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்ணிக்கையில் அளவுகள் இருக்கலாம். இருக்கும் அளவுகள் நிரைகளாக வந்தால் போதும். இல்லாதவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டின் பயனை எண்களாலேயே காட்டலாம். ராடரிக் லிட்டில், டொனால்ட் ரூபின் ஆகியோர் விடுபட்ட தரவு பற்றி 1987இல் வெளியிட்ட நூலில், மேற்கூறிய 108 அளவுகளுள் 9 அளவுகளை வேண்டுமென்றே நீக்கி ஆராய்ந்தனர். நீக்கப்பட்டவை அனைத்தும் 10 வயது அளவுகள்; 8 வயதில் குறைந்த அளவு பெற்ற குழந்தைகளே பெரும்பாலும் அவற்றை இழந்தனர். அகல்வடிவத்தில் 9 நிரைகளில் ஒவ்வொரு வெற்றுக்கட்டம் தோன்றும். நிறைவான நிரைகளை மட்டும் ஏற்கும் பகுப்பாய்வு அந்த 9 குழந்தைகளையும் முழுமையாக விலக்கும். எஞ்சுவோர் 18 பேர், எஞ்சும் அளவுகள் 72. நெடுவடிவத்தில் 9 நிரைகள் மட்டுமே குறையும். எஞ்சும் அளவுகள் 99. உண்மையில் எடுக்கப்பட்டுக் கையில் உள்ள 27 அளவுகள் அகல்வடிவப் பகுப்பாய்வில் வீணாகின்றன. அவற்றுள் பல குறைந்த வளர்ச்சி கொண்ட குழந்தைகளுடையவை ஆதலால், எஞ்சியோரின் சராசரி உண்மையைவிட உயர்ந்து தோன்றும். இப்பிழை கணக்கீட்டில் நேர்ந்ததன்று. ஒரு குழந்தையையே ஓர் உற்றுநோக்கல் எனக் கொண்டதில் நேர்ந்தது.

உறவுநிலைக் கோட்பாடும் சுழற்றுதலும்

இதே காலப்பகுதியில் தரவுத்தளத் துறை வேறு வழியாக நெடுவடிவத்தை வந்தடைந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் உறவுநிலை மாதிரியை வெளியிட்டார். அதன்படி நிரைகள் தரவு. அவை கூடலாம், குறையலாம், அவற்றின் வரிசை முறைக்குப் பொருளில்லை. நிரல்களோ அட்டவணையின் வரையறை. அவை முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவை. ஆண்டுக்கு ஒரு நிரல் என்று அமைத்தால் புத்தாண்டு பிறக்கும்தோறும் வரையறையைத் திருத்த வேண்டும். ஆண்டை ஒரு நிரலின் மதிப்பாக்கினால் புதிய நிரைகளைச் சேர்ப்பதே போதும்.

ஆயினும் மனிதர் படிப்பதற்கு அகல்வடிவமே எளிது. ஆகவே நெடுவடிவில் சேமித்து அகல்வடிவில் காட்டும் தேவை எழுந்தது. லோட்டஸ் நிறுவனம் 1991இல் வெளியிட்ட இம்ப்ரூவ் என்னும் விரிதாள் மென்பொருளில் ஒரு வகைப்பாட்டைச் சுட்டியால் இழுத்து நிரையிலிருந்து நிரலுக்கு மாற்ற முடிந்தது. மைக்ரோசாஃப்ட் எக்செல் 1993இல் சுழலட்டவணை வசதியைப் பெற்றது. வினவல் மொழியிலும் சுழற்றும் கட்டளை மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் 2005 பதிப்பிலும் ஆரக்கிளின் 11ஜி பதிப்பிலும் இடம்பெற்றது. அங்கு உருவாகவேண்டிய நிரல்களின் பெயர்களைப் பயனர் பொதுவாக முன்னரே எழுதித் தர வேண்டும். தரவைப் பார்த்தபின் வரையறையை முடிவு செய்வது காட்டின் கோட்பாட்டுக்கு அயலானது என்பதன் விளைவே இக்கட்டுப்பாடு.

சுழற்றுதல் என்னும் சொல்லுடன் ஒரு குழப்பமும் பரவியது. சுழலட்டவணை வடிவத்தை மட்டும் மாற்றுவதில்லை. ஒரு கட்டத்துக்குரிய மதிப்புகளைக் கூட்டியோ எண்ணியோ ஒன்றாக்குகிறது. வடிவமாற்றத்தில் மூலத்தரவை மீளப்பெறலாம். தொகுத்தலில் அது இயலாது. இவ்விரண்டும் ஒரே பெயரால் வழங்கப்பட்டதன் சிக்கல்கள் பின்னர் வெளிப்பட்டன.

பெயர்களின் வரலாறு

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் எஸ் மொழியைப் பின்பற்றி உருவாக்கிய ஆர் மொழியின் முதல் நிலைப்பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. அம்மொழியின் அடிப்படைத் தொகுதிகளில் ரீஷேப் என்னும் செயற்கூறு உள்ளது. அடையாள மாறி, கால மாறி என்பன அது கேட்கும் செய்திகள். நோயாளிகளைப் பல வருகைகளில் அளக்கும் தொடரளவீட்டுத் தரவையே அச்செயற்கூறு மனத்திற்கொண்டது என்பதை இச்சொற்களே காட்டுகின்றன. நிரலாகப் பிரியவேண்டியது காலமாக இல்லாதவிடத்தும் பயனர் அதனைக் காலம் என்றே பெயரிட்டு அழைக்க வேண்டியிருந்தது.

ஹேட்லி விக்கம் 2005இல் வெளியிட்ட ரீஷேப் தொகுதி வேறோர் உருவகத்தை முன்வைத்தது. மெல்ட் என்னும் செயற்கூறு தரவை உருக்குகிறது. காஸ்ட் என்னும் செயற்கூறு அதனை வேண்டிய அச்சில் வார்க்கிறது. எவ்வடிவத் தரவும் முதலில் நெடுவடிவமாக உருகி, பின் விரும்பிய வடிவம் பெறும் என்னும் இரண்டடுக்குக் கருத்து இதன் சிறப்பு. தொடரளவீட்டுக்கு மட்டுமன்றி எவ்வகைத் தரவுக்கும் இது பொருந்தியது. பைத்தான் மொழியில் வெஸ் மெக்கின்னி 2008இல் தொடங்கிய பாண்டாஸ் தொகுதியிலும் மெல்ட் என்னும் பெயர் இடம்பெற்றுள்ளது.

விக்கம் 2014இல் வெளியிட்ட கட்டுரை ஒழுங்குற்ற தரவு என்னும் கருத்தை வரையறுத்தது. ஒவ்வொரு மாறியும் ஒரு நிரல். ஒவ்வோர் உற்றுநோக்கலும் ஒரு நிரை. ஒவ்வொரு வகை உற்றுநோக்கல் அலகும் ஓர் அட்டவணை. இது காட்டின் மூன்றாம் இயல்பு வடிவத்தைப் புள்ளியியல் மொழியில் கூறுவதே என அவர் குறிப்பிட்டார். அதே ஆண்டில் வெளியான டைடிஆர் தொகுதியில் கேதர், ஸ்ப்ரெட் என்னும் செயற்கூறுகள் வந்தன. சேர்த்தல், பரப்புதல் என்பது பொருள். எது எத்திசை மாற்றம் என்பதை நினைவில் வைப்பது பலருக்கும் கடினமாக இருந்ததைத் தொகுதியின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. 2019இல் வெளிவந்த 1.0.0 பதிப்பில் அவற்றின் இடத்தைப் பிவட் லாங்கர், பிவட் வைடர் என்பன பெற்றன. மேலும் நெடிதாக்கு, மேலும் அகலமாக்கு என்னும் ஒப்பீட்டுச் சொற்கள் இவை. எந்த அட்டவணையும் தன்னளவில் நெடியதோ அகன்றதோ அன்று. மற்றொன்றை நோக்கவே அவ்வாறாகும் என்னும் தெளிவு இப்பெயர் மாற்றத்தில் உள்ளது.

வெற்றுக்கட்டமும் இரட்டை மதிப்பும்

பெயர்கள் தெளிவடைந்த பின்னரும் இரு இடர்கள் எஞ்சின. முதலாவது வெற்றுக்கட்டம். விக்கமின் கட்டுரையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் காசநோய்த் தரவு ஓர் எடுத்துக்காட்டாக வருகிறது. அதன் நிரல் தலைப்பு ஒவ்வொன்றிலும் பாலும் வயதுப் பிரிவும் ஒட்டிக்கிடந்தன. 15 முதல் 24 வயதுவரையுள்ள ஆண்களுக்கான நிரல் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களுமாகச் சுருக்கப்பட்டிருந்தது. கட்டங்களில் சில சுழியமாகவும் சில வெறுமையாகவும் இருந்தன. இவ்வேறுபாடு தரவு திரட்டிய முறையால் விளைந்தது என்றும் அது முக்கியமானது என்றும் கட்டுரை எச்சரிக்கிறது. நோயாளர் எவரும் பதிவாகவில்லை என்பது ஒரு செய்தி. பதிவே இல்லை என்பது வேறொரு செய்தி.

அதே கட்டுரையின் மற்றோர் எடுத்துக்காட்டு, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் வரிசையில் இடம்பெற்ற பாடல்கள். வாரத்துக்கு ஒரு நிரல்; பாடல் வரிசையிலிருந்து வெளியேறிய பின்னர் கட்டங்கள் வெறுமை. நெடுவடிவத்துக்கு மாற்றும்போது இவ்வெறுமைகளை விட்டுவிடுவதில் இழப்பு ஏதுமில்லை. காசநோய்த் தரவில் அவ்வாறு விட்டால், எந்நாடு எவ்வாண்டில் பதிவு தரவில்லை என்னும் செய்தி சுவடின்றி மறையும். இரு தரவுகளுக்கும் கட்டளை ஒன்றே, விளைவு வேறு. எதிர்த்திசையில், நெடுவடிவில் இல்லாத நிரைக்குரிய கட்டத்தைச் சுழியத்தால் நிரப்பும் வசதியும் உண்டு. அறியாததை இல்லாததாக மாற்ற அந்த ஒரு சொல் போதும்.

இரண்டாவது இடர் இரட்டை மதிப்பு. ஒரே குழந்தைக்கு ஒரே வயதில் இரு அளவுகள் பதிவாகியிருந்தால் நெடுவடிவம் இரண்டையும் தடையின்றி ஏற்கும். அகல்வடிவத்தில் கட்டம் ஒன்றே. இவ்விடத்தில் கருவிகள் வெவ்வேறு விடைகளைத் தேர்ந்தன. ஆர் மொழியின் அடிப்படை ரீஷேப் முதல் மதிப்பை எடுத்துக்கொண்டு எச்சரிக்கும். ரீஷேப்2 தொகுதியின் டிகாஸ்ட், தொகுக்கும் முறை கூறப்படாவிடில், மதிப்புகளின் எண்ணிக்கையை இட்டு அதனை ஒரு குறிப்பால் அறிவிக்கும். ஸ்ப்ரெட் பிழையென மறுத்து நின்றுவிடும். பிவட் வைடர் இரு மதிப்புகளையும் பட்டியலாக ஒரே கட்டத்தில் வைத்து எச்சரிக்கும். பாண்டாஸின் பிவட் பிழை காட்டும். அதே தொகுதியின் பிவட் டேபிள், வேறு முறை கூறப்படாவிடில், சராசரியை இட்டுவிடும்.

கடைசியாகக் கூறப்பட்டதே மிகுந்த கவனத்துக்குரியது. எண்ணிக்கை இடப்பட்டால் 24 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய கட்டத்தில் 2 என்று தோன்றும், ஆய்வாளர் ஐயுறுவார். சராசரி நம்பத்தக்க எண்ணாகவே தோன்றும். தட்டச்சுப் பிழையால் ஒரு குழந்தையின் எண் மற்றொரு குழந்தைக்கு இடப்பட்டிருந்தாலும் அட்டவணை அதனைக் காட்டிக்கொடுக்காது. சுழலட்டவணை மரபில் கலந்துபோன வடிவமாற்றமும் தொகுத்தலும் இங்குத் தம் விலையைக் கேட்கின்றன.

முடிவுரை

துளை அட்டை அகல்வடிவத்தைப் பொருளாலும், கைக்கணக்கு அதனை வசதியாலும் நிலைநிறுத்தின. வாய்பாட்டுக் குறியீடும் தொடரளவீட்டு மாதிரியும் உறவுநிலைக் கோட்பாடும் நெடுவடிவத்தை முன்னிறுத்தின. இவ்விரண்டில் ஒன்றே சரியானது என இவ்வரலாறு கூறவில்லை. கண்ணால் ஒப்பிடுவதற்கு ஒன்றும் மாதிரியமைப்பதற்கு மற்றொன்றும் பொருந்துகின்றன. மாற்றத்தின்போது எடுக்கப்படும் முடிவுகள் எழுத்தில் வெளிப்பட வேண்டும் என்பதே இதன்வழிப் பெறப்படுவது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நிரைகளை எண்ணுதல், அடையாளமும் காலமும் சேர்ந்த இணை ஒருமுறையே வருகிறதா எனச் சோதித்தல், வெற்றுக்கட்டத்தின் பொருளைக் குறித்துவைத்தல் ஆகிய மூன்றும் சில வரிகளில் முடிபவை.

இலக்கிய ஆய்விலும் இதே வினாக்கள் உள்ளன. சொல்லடைவை நூல்-சொல் அட்டவணையாகவோ, பாடவேறுபாடுகளைச் சுவடிக்கு ஒரு நிரலாகவோ விரிக்கும்போது வெற்றுக்கட்டங்கள் தோன்றும். சுவடியில் அடி விடுபட்டதா, அடி இருந்த ஏடே சிதைந்ததா என்பதை அக்கட்டம் தானாகக் கூறாது. 27 குழந்தைகளின் தரவில் 9 அளவுகள் மறைந்தபோது மேலும் 27 அளவுகள் மறைந்த வகையைக் கண்டவர், அக்கட்டத்தைச் சுழியத்தால் நிரப்புமுன் ஏட்டை மீண்டும் ஒருமுறை பார்ப்பார்.